கார்லோ துரைக்குக் கிடைத்த இடம்

மாதா துணை

விழுப்புரம்
24-11-85

அன்பு மகன் சவுரிராயனுக்கு அம்மா எழுதுவது. கடல் தாண்டிப் போயிருக்கிற நீ வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, பழகிய கை, அதை நிறுத்திவிட்டு அடுத்த வரி எழுத வேண்டியிருக்கிறது. தாத்தா போய்விட்டார் என்று அப்பா கொடுத்த தந்தி உனக்குக் கிடைத்திருக்கும். லீவு கிடைக்கவில்லையே என்று மனசை அலட்டிக்கொள்ளாதே, கிடைத்திருந்தாலும் நீ பம்பாயில் இறங்கி ரயில் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், மழைக்காலத்தில் உடம்பை வைத்துக்கொண்டிருக்க முடியாது. செவ்வாய்க்கிழமை போனார், மறுநாளே அடக்கம். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை சவுரி. பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் என் தோளைப் பிடித்து உலுக்கி, அழுதுடு ரோசா, நெஞ்சுல வச்சிக்கினு இருந்தா அடைச்சிக்கும் என்கிறாள், நானும் ஆகட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போய் அரிசி களைகிறேன். என் கையை நானே கிள்ளிப் பார்த்தேன், யார் கையையோ கிள்ளுகிற மாதிரி இருந்தது. உன் அப்பா என்னைப் பார்த்துப் பயப்படுகிறார், ரிட்டையர் ஆகி வீட்டில் இருக்கிற மனுஷன், சமையல்கட்டு வரைக்கும் என் பின்னாலேயே வந்து நிற்கிறார்.

நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், நீயும் தெரிந்துகொள்ள வேண்டும். ஊரில் ராயப்பன் மாமா வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று ஐப்பசி பிறந்ததுமே தாத்தாவை விழுப்புரத்துக்கு அழைத்து வந்துவிட்டோம். பின்கட்டில் பெஞ்சு மேல் உட்கார்ந்துகொண்டு ஜங்ஷனில் வண்டி கோக்கிற சத்தத்தைக் கேட்பதுதான் அவருக்குப் பொழுது. காது இரண்டும் அடி வாங்கிச் சுருண்டு போயிருந்தாலும் கேட்பது மட்டும் கடைசிவரை நன்றாகக் கேட்டது. அன்று மத்தியானம் கேப்பைக் கூழும் கருவாடும் கொடுத்தேன், இன்னாம்மா இது, உப்புக்குப் பஞ்சமா என்று கத்தினார். நான் போட்டிருந்தேன், அவருக்குத்தான் நாக்கில் ருசி போய்விட்டது. போட்டேனே என்று நானும் திருப்பிக் கத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து அவருடைய இத்தாலி பாஷையில் தண்ணீர் கேட்டார், எப்போதாவது அசதியில் அப்படிக் கேட்பார், எனக்கு அந்த ஒரு வார்த்தை தெரியும். சொம்போடு போனால் சுவரில் சாய்ந்தபடியே முடிந்துவிட்டிருந்தார். செபமாலையை விரலில் கோக்கப் பார்த்தோம், முடியவில்லை, உடைந்து உடைந்து கோணலாகச் சேர்ந்த விரல்கள், உயிரோடு இருக்கும்போதே முழுசாக விரியாது. இரண்டு முஷ்டிக்கும் மேலே சுற்றிவிட்டோம்.

ஊருக்குக் கொண்டுபோவதில் எங்களுக்கு இரண்டு பேச்சு இல்லை. உன் ஆயா பக்கத்தில்தான் படுப்பேன் என்று அவர் சொல்லி வைத்தது உனக்கும் தெரியும், ஆயாவைப் புதைத்த அன்றைக்கே பக்கத்தில் தன் நீளத்துக்கு இடம் விட்டு மூலைக்கு ஒரு கல் நட்டவர். காலையில் வேன் பிடித்துக் கிளம்பினோம், நான், அப்பா, உன் தங்கை காந்திமதி. முதல் பஸ்ஸில் ஆள் அனுப்பியதால் மாமா திண்டிவனத்துக்கே வந்து நின்றிருந்தான். அங்கே சவப்பெட்டிக் கடைக்காரர் வேனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, இம்மாம் உயரத்துக்கு ரெடியா பெட்டி இல்லம்மா, தலைமாட்டுல பலகை ஒட்டுப் போட்டுத் தர்றேன், செத்த இருங்க என்றார். மழை. எதிரே டீக்கடையில் உட்கார்ந்து அவர் ஆணி அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீ நன்றாக இருந்தது, இன்னொன்று வாங்கிக் குடித்தேன். காந்திமதி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவள் அழுது அழுது முகம் வீங்கிப் போயிருந்தாள், டீச்சர் டிரெயினிங் பரீட்சை வேறு அடுத்த வாரம்.

உன்னோடு வேலை செய்கிற இத்தாலி எஞ்சினியர் உங்கள் தாத்தா எப்படி இந்தியாவுக்கு வந்தார், என்ன செய்தார் என்று கேட்டதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அதைத் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன், ரொம்ப சந்தோஷம், நாலைந்து நாள் அதே பேச்சு. அவர் சொன்னதை நான் எழுதுகிறேன், இனிமேல் கேட்க ஆள் இல்லை. மலை மேல் கல் உடைக்கிற ஊராம், பேரைச் சொன்னா அந்த எஞ்சினியருக்கே தெரியாது என்று சிரித்தார். சின்னப் பிள்ளையாக அவங்கப்பா கையைப் பிடித்துக் கப்பல் ஏறி கோலார் தங்கவயலுக்கு வந்தவர். சுரங்கத்துக்குள் மரம் முட்டுக் கொடுக்கிற வேலைக்கு இத்தாலிக்காரர்களைக் கூப்பிடுவார்களாம். இவர்களும் வெள்ளைதான், ஆனாலும் இங்கிலீஷ்காரன் இருக்கிற லைனில் வீடு கிடையாது, அவன் கிளப்புக்குள் முன்வாசலால் போகக் கூடாது. சம்பளச் சனிக்கிழமை அந்தக் கிளப்பில் குத்துச்சண்டை நடக்கும், சண்டை போடுகிறவன் பின்வாசல் வழியாகப் போய் மேடை ஏறி, மூக்கு உடைந்தாலும் அதே வழியாகத்தான் திரும்ப வேண்டும். மீசை முளைத்த வயதில் இவர் ஏறினார். பிறகு பெங்களூர் தண்டில் பட்டாளத்துக்காரர்களோடு, மெட்ராஸில் சர்க்கஸ் கொட்டகை போடுகிற மைதானத்தில், கொழும்பில், ரங்கூனில். கார்லோ என்ற பேருக்கு எவன் டிக்கெட் வாங்குவான் என்று மெட்ராஸில் கொட்டகைக்காரன் கிட் மர்பி என்று நோட்டீஸ் அடித்துவிட்டானாம், அது ஐரிஷ்காரன் பேராம், பத்து வருஷம் அந்தப் பேரில்தான் அடி வாங்கினார். நிறைய ஜெயித்தார், நிறையத் தோற்றார். ஒரு சார்ஜண்டை இரண்டு தரம் கீழே தள்ளியும் கடைசியில் சார்ஜண்ட் கையைத்தான் தூக்கினார்களாம். எந்த மூலையில நிக்கணும், எந்தப் பேர்ல நிக்கணும், எவன் கையைத் தூக்கணும், அல்லாத்தையும் அவன் சொல்லுவான், அடி மட்டுந்தாம்மா நம்மளுது என்பார். ரங்கூனில் இடது கண் போனது, சண்டையும் அதோடு போனது.

திரும்பித் தங்கவயலுக்கு வந்தபோதுதான் ஆயாவைப் பார்த்தது. செண்பகம் அப்போது நம் தெருவிலிருந்து அங்கே போய்க் கல் பொறுக்குகிற வேலை பார்த்த பெண். கோயிலில் வைத்துத் தாலி கட்டினார். அவரைப் பெற்றவரே கதவைச் சாத்திவிட்டார், இத்தாலி லைனில் ஒருத்தரும் முகம் கொடுக்கவில்லை. விழுப்புரம் லோகோ ஷெட்டில் துரை என்று பிட்டர் வேலை கொடுத்தார்கள், பெண்டாட்டியைப் பார்த்த பிறகு குவார்ட்டர்ஸ் கொடுக்கவில்லை. நான் பிறந்தேன், மாமா பிறந்தான். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, இத்தாலி இங்கிலீஷ்காரனுக்கு எதிராக உலகச் சண்டையில் சேர்ந்துவிட்டது, நீ எதிரி என்று போலீஸ் வந்து அழைத்துப்போனது. சண்டை முடிகிறவரை முள்வேலி போட்ட முகாமில் இருந்தார். ஆயா எங்களோடு ஊருக்கு வந்து, கூலிக்கு மல்லாட்டைச் செடி பிடுங்கியும் களை எடுத்தும் எங்களுக்குக் கஞ்சி ஊற்றினாள். சண்டை முடிந்ததும் உங்கள் தேசத்துக்குக் கப்பல் இருக்கிறது, ஏறிக்கொள் என்று கேட்டார்களாம். இவர் மெட்ராஸில் ரயில் ஏறித் திண்டிவனத்தில் இறங்கி நம் ஊருக்கு நடந்து வந்தார். அந்தச் சாயங்காலம் ஆயா அவரைப் பார்த்து, வந்துட்டியா, கால் கழுவிக்கினு வா என்று மட்டும்தான் சொன்னாள், நான் பக்கத்தில் இருந்தேன். அப்புறம் அவர் எங்கேயும் போகவில்லை.

இனி அன்றைக்கு நடந்தது. உடம்பை மாமா வீட்டில் இறக்கிக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். பெரிய தெருவிலிருந்து கோயில் நாட்டாமைக்காரர் மரியசூசை ஏழெட்டு ஆள்களோடு வந்தார், பங்குச் சாமியாரும் கூட வந்தார். அவர்கள் நம் தெருவுக்குள் கால் வைத்து நீ பார்த்ததுண்டா, நான் பார்த்ததில்லை. சாவு வீடு என்று தெருமுனையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு சேற்றில் நடந்து வந்தார்கள். மாமா நாற்காலி போட்டான், மரியசூசை உட்கார்ந்தார். காப்பி கொடுத்தோம், நம் டம்ளரில் வாங்கிக் குடித்தார். தெருவே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கார்லோ துரை இங்கிலீஷ் சாம்பியன், வாழ்நாள்ல ஒரு சண்டை தோத்தவரு இல்ல, இந்த ஊருக்கே பெருமை என்று நின்றுகொண்டு ஒரு பிரசங்கம் வேறு செய்தார். ஒன்றுகூடத் தோற்கவில்லை என்றால் அந்த மூக்கை யார் உடைத்தது என்று கேட்க எனக்கு வாய் வரைக்கும் வந்தது. அப்புறம் கையைக் கூப்பிக்கொண்டு, ராயப்பா, துரையை அந்தப் பக்கம் வைக்கறது அழகில்ல, வெள்ளைக்கார சாமியாருங்க இருக்கற வரிசையில வச்சிடலாம், நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லணும் என்றார். சாமியார் நல்லதுதானே என்றார்.

நம் ஊர்க் கல்லறைத் தோட்டம் உனக்குத் தெரியும், முன்பாதி அவர்களுக்கு, பின்பாதி நமக்கு, நடுவில் ஆள் உயரச் சுவர், நமக்கு வாசல்கூட ஓடைப் பக்கம் தனி. மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு இன்னாக்கா சொல்ற என்று கேட்டான். அம்மா பக்கத்துலன்னுதானே அப்பா சொல்லிக்கினு இருந்தாரு என்றேன். அதற்குள் நம் தெருப் பையன்கள் சுற்றிக்கொண்டார்கள். துரை தாத்தா முன்வாசலால போனா நாமளும் பின்னாடியே உள்ள போயிடலாம் அத்தை, இன்னியோட அந்தச் சொவரு ஒழிஞ்சிச்சி என்றார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தால் கல்யாண வீடு தோற்றது. மாமாவும், சொவரு போச்சின்னா அம்மாவும் அப்பாவும் ஒரே பக்கந்தானக்கா என்றான். அவன் சொன்னது சரியாகத்தான் பட்டது. எனக்கு எதுவும் உறைக்கவில்லை, தலையை ஆட்டிவிட்டேன். அவருக்கு வாசல் திறக்கிறது என்றால் நமக்கும் திறக்கிறது என்று நம் ஜனம்தான் நினைக்கும். எல்லோரும் உள்ளே வரலாமா என்று வாய்விட்டுக் கேட்டிருக்க வேண்டும், ஒருத்தரும் கேட்கவில்லை, வீடு தேடி வந்தவர்களிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சம்.

பெட்டியை நம் தெருப் பையன்கள்தான் தூக்கினார்கள், கனம், தோள் மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். பெரிய தெரு வழியாகவே போனோம், யாரும் ஒன்றும் சொல்லவில்லை, திண்ணையில் இருந்தவர்கள் எழுந்துகூட நின்றார்கள். பையன்களுக்குப் பெருமை பிடிபடவில்லை, பாட்டு பெரிதாக எழும்பியது. கல்லறைத் தோட்டத்து முன்வாசலில் மரியசூசையின் ஆள்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். பெட்டியை இங்க இறக்குங்கப்பா, இனிமே நாங்க பாத்துக்கறோம் என்றார்கள். இறக்கினார்கள். அவர்கள் ஆள்கள் தோள் கொடுத்துத் தூக்கி உள்ளே போனார்கள். அப்புறம் மரியசூசை என்னைப் பார்த்து, ரோசா நீ வாம்மா, ராயப்பா நீயும் வா, நீங்க துரை புள்ளைங்க, மத்தவங்க அப்படியே நில்லுங்க என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், கத்தவில்லை. உன் அப்பா மத்தவங்கதான். காந்திமதியும் மத்தவங்கதான். நீ இருந்திருந்தால் நீயும் அங்கேதான் நின்றிருப்பாய். சாமியார் ஜெபப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். காந்திமதி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, போவாத ம்மா, நீ போவாத, பெட்டியை வெளிய கொண்டாரச் சொல்லு என்று கத்தினாள். என் கால் போனது சவுரி. பெட்டி போகிறது, பின்னால் போக வேண்டும், அவ்வளவுதான் தெரிந்தது. முந்தானை அவள் கையிலிருந்து எப்படி விடுபட்டது என்று தெரியவில்லை. கேட்டைச் சாத்திக் கொக்கி போட்டார்கள்.

உள்ளே கடைசி வரிசை, சுவரை ஒட்டினாற்போலக் குழி. சாமியார் மந்திரித்துத் தண்ணீர் தெளித்தார். பெட்டியை இறக்கும்போது ஒட்டுப் போட்ட பலகை இடித்தது, மண்ணைச் செதுக்கி இறக்கினார்கள். நான் ஒரு பிடி மண் போட்டேன், மாமா போட்டான். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது, நம் ஜனம் ஓடைப் பக்கமாகச் சுற்றி ஓடி வந்து நம் பாதியில் நின்றுகொண்டிருந்தது. பாட்டு எடுத்தார்கள். உன் அப்பா குரல் தனியாகத் தெரிந்தது, ராகம் இல்லாத குரல். பிறகு சுவருக்கு மேலே மண் வந்து விழுந்தது. ஈர மண், கை கையாக. ஆள் தெரியவில்லை, கைகூடத் தெரியவில்லை, மண் மட்டும் வந்துகொண்டே இருந்தது. பாதி பழைய சாமியார்கள் கல்லறை மேல் விழுந்தது, கொஞ்சம் மரியசூசை சட்டையில் விழுந்தது, கொஞ்சம் குழியில் விழுந்தது. யார்ரா அது என்று ஒருவன் சுவர்ப் பக்கம் போனான், மரியசூசை வேண்டாம் என்று தடுத்துவிட்டுச் சட்டையைத் தட்டிக்கொண்டார். மாமா குந்தி உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டு அழுதான். நான் நின்றுகொண்டிருந்தேன். ஆயா கல்லறை அந்த இடத்துக்கு நேர் பின்னாலா, கொஞ்சம் தள்ளியா என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், இந்தப் பக்கத்திலிருந்து பார்த்துப் பழக்கமில்லாததால் திக்கு தெரியவில்லை.

வெளியே வந்தபோது வாசலில் யாரும் இல்லை. மாமா வீட்டில் பெண்கள் எனக்குக் குளிக்கத் தண்ணீர் வைத்தார்கள், சோறு போட்டார்கள், ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நம் பையன்கள் சுவரைப் பற்றிப் பிஷப்பிடம் மனு கொடுக்கப் பாண்டிச்சேரி மேற்றிராசனத்துக்குப் போகிறார்கள், மாமாவும் கூடப் போகிறான், நடக்கட்டும். காந்திமதி அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுகிறாள், பரீட்சைக்குப் படிக்கிறாள், அப்பாவிடம் பேசுகிறாள், நான் அறைக்குள் போனால் எழுந்து போய்விடுகிறாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் வந்தால்கூடத் தேவலை, ஏதோ ஒன்று வந்த மாதிரி இருக்கும்.

நேற்று மரியசூசை ஏதோ கோர்ட்டு வேலையாக விழுப்புரம் வந்தவர் வீட்டுக்கும் வந்துவிட்டுப் போனார். சிலுவையில் கிட் மர்பி, குத்துச்சண்டை வீரர் என்று எழுதப் போகிறார்களாம். கார்லோ என்று எழுதுங்கள் என்றேன், அந்தப் பேர்ல யாருக்கும்மா தெரியும் என்றார். போகும்போது வாசலில் நின்று, கவலப்படாத ரோசா, துரை பக்கத்துலயே உனக்கும் ஒரு எடம் சொல்லி வச்சிருக்கேன் என்றார். நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனார். அவருக்கும் நான் காப்பி கொடுத்தேன், எனக்குப் பதில் தோன்றவே ராத்திரி ஆகிவிட்டது. அதைத்தான் உனக்கு எழுதுகிறேன். நான் செத்தால் எனக்கு அந்த வரிசை வேண்டாம். ஆயா பக்கத்தில் தாத்தா நட்ட கல் நான்கும் அப்படியே இருக்கின்றன, அவர் படுக்க வேண்டிய இடம் சும்மா கிடக்கக் கூடாது. அதில் என்னை வை. அவர் உயரத்துக்கு விட்ட இடம், எனக்குத் தாராளம். ஓடைப் பக்கத்து வாசலால் தூக்கிப் போங்கள், அங்கே யாரையும் நில் என்று சொல்ல ஆள் இல்லை. அப்பா, நீ, காந்திமதி, நம் தெரு முழுக்க, எல்லோரும் உள்ளே வந்து பக்கத்தில் நின்று மண் போட வேண்டும். யார் வந்து கை கூப்பிக் கேட்டாலும் என்னைப் போலத் தலையை ஆட்டிவிடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். உயரத்தில் ஏறுகிற வேலை என்றால் இடுப்பில் கயிறு கட்டாமல் ஏறாதே. கோபத்தில் அங்கிருந்து மரியசூசைக்கு ஒன்றும் எழுதிவிடாதே, மாமா ஊரில் இருக்க வேண்டியவன். அப்பா உன்னை விசாரிக்கச் சொன்னார். ஆண்டவரும் மாதாவும் உன்னை இமைக்குள் வைத்துக் காப்பார்கள், உன் தாத்தாவும் இனி அவர்களோடு சேர்ந்து உனக்காகக் கேட்பார்.

ஒன்றை மறந்துவிடாதே. காந்திமதிக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. நான் எனக்குக் கேட்டிருக்கிற இடம் எது என்று அதில் அவளுக்குச் சொல். இரண்டு தரம் அவள் அறை வாசல் வரைக்கும் போனேன், பக்கத்து அறைதான், என்னால் சொல்ல முடியவில்லை.

இப்படிக்கு
உன் அம்மா
ரோசாம்மாள்